குறுக்கு விசாரணை செய்யும் அப்பாவி

மூன்று மயில்களைக் கொன்று புதைத்தார் என்று ஒரு கிழவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பெயர் மாயாண்டி. எண்பது வயதைத் தாண்டியவர், காது மந்தம். என்ன குற்றச்சாட்டு என்பதே அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது அவருக்கு இரண்டாவது கவலைதான். வயலில் நாற்று நிற்கிறது, அதற்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்பதுதான் முதல் கவலை.

எம். மணிகண்டன் எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கி 2022 பிப்ரவரியில் வெளிவந்த ‘கடைசி விவசாயி’ இந்த இடத்தை மெள்ள மெள்ள வந்தடைகிறது. தன் வயலில் செத்துக் கிடந்த பறவைகளை மாயாண்டி குழிதோண்டிப் புதைத்தார். விசாரிக்க வந்தவர்களிடம் அதை மறைக்கவுமில்லை. ஊர் வழக்கப்படி அது செத்த உயிருக்குச் செய்யும் மரியாதை. சட்டத்தின் கண்ணில் அதுவே சாட்சியம். மயில் 1963-இல் இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதைக் கொன்றது நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் மாயாண்டிக்குப் பிடிபடுவதில்லை. அவருடைய காலக் கணக்கு, நெல் எத்தனை நாளில் கதிர் பிடிக்கும் என்பதோடு முடிந்துவிடுகிறது.

இதைப் பார்க்கும்போது இன்னொரு நீதிமன்றம் நினைவுக்கு வரும். 1980-இல் தென்னாப்பிரிக்க இயக்குநர் ஜேமி யூஸ் எடுத்த ‘தி காட்ஸ் மஸ்ட் பி கிரேஸி’ உலகமெங்கும் வசூலை வாரிக் குவித்த படம். கலஹாரிப் பாலையில் வாழும் ஒருவன் முன்னால், விமானத்திலிருந்து எறியப்பட்ட கோகோ கோலா பாட்டில் விழுகிறது. அந்த ஒற்றைப் பாட்டிலால் கூட்டத்துக்குள் சண்டை மூள்கிறது. அதை உலகத்தின் விளிம்பில் வீசிவிட்டு வரலாம் என்று கிளம்புகிறான். வழியில் பசிக்கிறது, ஓர் ஆட்டை அம்பெய்து வீழ்த்துகிறான். ஆடு யாருக்கோ சொந்தம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. பிடித்துக்கொண்டு போய் விசாரித்துச் சிறையில் போடுகிறார்கள்.

அங்கே ஆடு, இங்கே மயில். இரண்டு பேருமே தங்கள் நியாயப்படி தப்பொன்றும் செய்யாதவர்கள். இருவரையும் சூழ்ந்து நிற்பது அவர்களுக்குப் புரியாத ஒரு பேச்சு. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இரண்டு படங்களும் ஒன்றல்ல. யூஸின் படத்தில் ஓர் அறிவிப்பாளரின் குரல், காட்டு விலங்குகளைப் பற்றிய ஆவணப்படம் போல, அந்த மனிதனை நமக்கு விளக்கிக்கொண்டே வருகிறது. அவன் நினைப்பதையும் அதுவே சொல்கிறது. சிரிப்பவர் ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கிறார். நாகரிகத்தின் கிறுக்குத்தனங்களையும் அந்தப் படம் கேலி செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கேலிக்கு விலையாக, நாயகனாக நடித்த நிக்காவின் மக்களை வெளியுலகமே அறியாத ஆதி மனிதர்களாகச் சித்திரித்தது. நிஜத்தில் அந்த மக்கள் அப்போது அரசு அமைத்த குடியிருப்புகளில் ரேஷன் மாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் பலரைத் தென்னாப்பிரிக்க ராணுவம் தடம் பார்க்கும் வேலைக்கு எடுத்திருந்தது. அதே 1980-இல் ஜான் மார்ஷல் வெளியிட்ட ஆவணப்படம் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. யூஸின் படப்பிடிப்பே அதில் ஒரு காட்சியாக வருகிறது. அங்கே தெரியும் முகங்களில் அந்தக் குழந்தைச் சிரிப்பைக் காணோம்.

அப்பாவியை வைத்துச் செய்யும் அங்கதத்தை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், எங்கே நின்றுகொண்டு சிரிக்கிறோம்?

இந்த உத்தி சினிமாவைவிட மிகப் பழையது. மொந்தெஸ்கியூ 1721-இல் இரண்டு பாரசீகர்களைப் பாரிசுக்குள் உலவவிட்டார். வோல்த்தேர் 1767-இல் வட அமெரிக்கப் பழங்குடிகளிடையே வளர்ந்த ஒருவனைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். நாம் பழக்கத்தில் கடந்துபோகிற விஷயத்தை, தெரியாதவன் ஏன் என்று கேட்பான். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஊருக்கு வரும். சொல்லத் தொடங்கியதும் ஊரின் குட்டு வெளிப்படும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனே குறுக்கு விசாரணை செய்கிற வேடிக்கை அது. தமிழ்த் திரைக்கு இந்த வேடிக்கை வந்து சேர்ந்ததில் கோவைக்கும் உடுமலைக்கும் இருக்கும் பங்கை நாம் அதிகம் பேசுவதில்லை.

1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யைச் சொல்ல வேண்டும். திரையுலகில் சி. என். அண்ணாதுரையின் முதல் படம் அது. 1936-இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்ற அமெரிக்கப் படத்தின் சாயலில் எழுதப்பட்டது. ஊர்நாட்டு எளிய மனிதன் ஒருவனுக்குத் திடீரென்று பெருஞ்சொத்து வருகிறது, சொத்தைச் சுற்றியிருந்தவர்கள் அவனை மொய்க்கிறார்கள் என்ற முடிச்சு இரண்டுக்கும் பொது. காப்ராவின் நாயகன் நியூயார்க் பணக்காரர்களைச் சந்தித்தான். நல்லதம்பி சந்தித்தது ஜமீனை. சென்னை மாகாணத்தின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது, படம் அடுத்த ஆண்டே வந்தது. சட்டம் காகிதத்தில் ஒழித்ததைப் படம் சிரித்து ஒழிக்கப் பார்த்தது.

நல்லதம்பியாக நடித்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதாகி, தியாகராஜ பாகவதரோடு ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலையானவர். அதே வழக்கில் கைதாகி முதலிலேயே விடுவிக்கப்பட்ட மூன்றாமவர் கோவைக்காரர், பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு. இரண்டரை ஆண்டுச் சிறைக்குப் பிறகு கலைவாணர் எடுத்துக்கொண்ட வேடம், சட்டமும் சொத்தும் பேசும் பாஷை புரியாத ஒரு நல்லவனுடையது. இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இயக்கியவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு. கோவையின் ஸ்டுடியோக்களில் தொழில் பழகி, அங்கேயே இணைந்த இரட்டையர். இன்றைக்குத் திருச்சி சாலையில் சிங்காநல்லூரைக் கடப்பவர்களுக்கு, அங்கே சென்ட்ரல் ஸ்டுடியோ என்று ஒன்று இருந்ததும், அண்ணாவின் ‘வேலைக்காரி’ போன்ற படங்கள் அந்த வளாகத்தில் உருவானதும் தெரிய நியாயமில்லை. நூற்பாலைச் சங்குகளின் நகரம் ஒரு காலத்தில் சென்னைக்குப் போட்டியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் ‘நல்லதம்பி’யில் இன்றைக்கும் நின்று பேசுவது முதன்மைக் கதையல்ல. நடுவில் வரும் ‘கிந்தனார்’ காலட்சேபம்தான். எழுதியவர் உடுமலைப்பேட்டை அருகே பூளவாடியில் 1899-இல் பிறந்த உடுமலை நாராயணகவி. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான், கிந்தன் பட்டணம் போக ஏங்குகிறான். நந்தனுக்குத் தீயில் இறங்கித்தான் வாசல் திறந்தது, கிந்தனுக்கு ரயில் போதுமானதாக இருக்கிறது. ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த அந்தப் பையன் பட்டணத்தில் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். அவனை அண்டவிடாத பள்ளிக்கூடம் எழுந்து நின்று வரவேற்க வேண்டியிருக்கிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கிந்தனின் அறியாமை எங்குமே கேலிப்பொருளாகவில்லை. ரயிலைப் பார்த்து அவன் வாய்பிளப்பது நமக்குச் சிரிப்பூட்டும்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், எல்லாச் சாதியையும் ஒரே பெட்டியில் நெருக்கி உட்காரவைக்கிற இரும்பு வண்டியின் நியாயம் வந்து முன்னால் நிற்கிறது. இதைக் கட்டுரையாக எழுதியிருந்தால் அன்றைக்கு அடிதடி வந்திருக்கும். காலட்சேபமாகச் சொன்னதால், அந்த வடிவத்தில் ஊறிப்போனவர்களும் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார்கள். கொங்கு நாடு தமிழ் அங்கதத்துக்குக் கொடுத்ததில் இதற்கு நிகராக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

அதற்குப் பிறகு அப்பாவி நாயகர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லாரும் இந்த வேலையைச் செய்யவில்லை. 1991-இன் பெருவெற்றியான ‘சின்னத் தம்பி’யின் நாயகனுக்குத் தாலி என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாமலே கட்டியும் விடுகிறான். சாதியும் அந்தஸ்தும் கெட்டித்துப்போன ஒரு வீட்டுக்குள் அப்படிப்பட்டவன் நுழைவது அங்கதத்துக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! படம் அதைத் தொடவில்லை. அவன் கேள்வி கேட்பதில்லை, பாடுகிறான். அவனுடைய வெள்ளை மனது பார்வையாளரை அழவைக்கப் பயன்பட்டது, அந்த வீட்டை யாரும் விசாரிக்கவில்லை.

‘சதிலீலாவதி’ (1995) வேறு மாதிரி. பாலு மகேந்திரா இயக்கம், கிரேசி மோகன் வசனம். கோவைப் பக்கத்துச் சக்திவேல் கவுண்டராகக் கமல்ஹாசனும் மனைவி பழனியாகக் கோவை சரளாவும் பெங்களூருவில் போய் இறங்குகிறார்கள். நண்பனின் வீட்டில் நடப்பது பெருநகரத்து நாசூக்கான துரோகம். ஊரிலிருந்து வந்த பழனி அதை மூடி மறைத்துப் பேசத் தெரியாதவர். சரளாவின் கொங்குத் தமிழ் அதுவரை பல படங்களில் தாளிதம் போலத்தான் பயன்பட்டது. இந்தப் படத்தில் அது நகரத்தார் சுற்றிவளைத்துச் சொல்வதை நேராகப் போட்டு உடைக்கிறது. வாய்க்கு வாய் ‘ங்க’ போட்டு மரியாதையாகப் பேசிக்கொண்டே ஒருவரைத் தலைகுனிய வைக்க முடியும் என்பது நம் ஊர்ச் சந்தைகளில் பேரம் பேசியவர்களுக்குத் தெரியாததல்ல.

சூலூர்க்காரரான மணிவண்ணன் இந்த வகையையே ஒருமுறை கவிழ்த்துப் போட்டார். ‘அமைதிப்படை’ (1994). கோயில் வாசலில் சிதறு தேங்காய் பொறுக்கித் தின்று திரியும் அம்மாவாசையை, ஆட்டிவைக்கத் தோதான ஆள் என்று ஓர் அரசியல்வாதி தேர்தலில் நிறுத்துகிறார். அரசியல்வாதியாக நடித்ததும் மணிவண்ணனே, அம்மாவாசையாகச் சத்யராஜ். வாக்கு எண்ணிக்கை ஏற ஏற நாற்காலியில் அவர் உட்காரும் விதம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். நுனியில் ஒட்டியிருந்தவர் சாய்கிறார், கால் மேல் கால் ஏறுகிறது. எழுந்திருக்கும்போது அவர் நாகராஜ சோழன் எம்.எல்.ஏ. சமுதாயம் அப்பாவி என்று முடிவு கட்டியது வெறும் சட்டையைப் பார்த்துத்தான் என்கிறது அந்தக் காட்சி. அப்பாவித்தனத்தை நம்பி ஏமாந்தவர், அதைப் பயன்படுத்த நினைத்தவர். முப்பது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தேர்தல் சமயத்திலும் அந்த நாற்காலிக் காட்சி யாருக்காவது பொருந்திக்கொண்டே இருக்கிறது.

புதிய நூற்றாண்டில் ஜமீன்தார் போய்விட்டார். அவருடைய இடத்தில் ஆவணம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ 2021 ஏப்ரல் 4 அன்று தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பானது, சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே நாள் முன்பு. ஊருக்கு முடிவெட்டும் ஒருவன். அவனுக்குப் பெயரில்லை, அடையாள அட்டையில்லை. சேமிப்புக் கணக்குத் தொடங்க அஞ்சலகத்துக்குப் போன இடத்தில்தான் நெல்சன் மண்டேலா என்ற பெயர் கிடைக்கிறது. இரண்டு சாதியும் சரிபாதியாக நிற்கும் ஊரில் அவனுடைய ஒற்றை வாக்கு தராசைச் சாய்க்கும் என்று தெரிந்ததும், நேற்றுவரை பின்வாசலில் நிறுத்தியவர்கள் அவனுக்குப் பந்தி விரிக்கிறார்கள். மணிகண்டனின் ‘ஆண்டவன் கட்டளை’யிலும் (2016) இதே கூத்துதான். லண்டன் போகத் துடிக்கும் காந்தி என்ற இளைஞன், தரகர் பேச்சைக் கேட்டு இல்லாத மனைவியின் பெயரைக் கடவுச்சீட்டில் ஏற்றிவிட்டு, அதை நீக்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறான். பொய்யை எழுத ஒரு நாள் போதும், அழிக்கத்தான் உண்மையான மனைவி தேவைப்படுகிறாள்.

‘காக்கா முட்டை’யின் (2015) சிறுவர்களுக்குப் பீட்சாக் கடைக் கதவு. காந்திக்குக் கடவுச்சீட்டு. மாயாண்டிக்கு நீதிமன்றம். ஒரே இயக்குநர் ஒவ்வொரு முறையும் ஓர் எளிய மனிதரை ஒரு நவீன வாசலில் நிறுத்துகிறார். அந்த வாசல்களில் மிகக் கூர்மையானது கடைசியாகச் சொன்னதுதான். முந்தையவர்கள் உள்ளே போக ஆசைப்பட்டவர்கள். மாயாண்டிக்கு அந்த ஆசை கிடையாது. அவர் எங்கும் பயணம் போகவில்லை, பிறந்த மண்ணிலேயே நிற்கிறார். ஊர் அவரைவிட்டு நகர்ந்து போய்விட்டது.

குலதெய்வத்துக்குப் படையல் போட மரக்கால் நெல் வேண்டும். ஊரில் விளைவிக்க அவரைவிட்டால் ஆளில்லை. நிலத்தை விற்றவர்களில் ஒருவர் (யோகி பாபு) அந்தப் பணத்தில் யானை வாங்கிப் பிழைப்பு நடத்துகிறார். இந்த யானைப் பகுதியைக் கதையின் ஓட்டத்துக்கு இடைஞ்சல் என்றவர்கள் உண்டு. அவிநாசிச் சாலையிலிருந்து பொள்ளாச்சிச் சாலை வரை தோட்டத்தை விற்ற பணம் என்னென்ன உருவம் எடுத்தது என்று பார்த்தவர்களுக்கு யானை அப்படியொன்றும் மிகையாகப் படாது.

விதைக் கடைக் காட்சி ஒன்று இருக்கிறது. விதையே இல்லாத தக்காளியைப் பற்றிக் கடைக்காரர் பெருமையாகச் சொல்ல, மாயாண்டிக்குக் கோபம் வருகிறது. அடுத்த முறைக்கு எதை விதைப்பது என்பது அவர் கேள்வி. மறுபடி வந்து வாங்கிக்கொள்வது என்பது கடையின் பதில். உடுமலை, மடத்துக்குளம், கிணத்துக்கடவுத் தக்காளிக் காடுகளில் ஒவ்வொரு பட்டத்துக்கும் நாற்றுப்பண்ணை வாசலில் நிற்பவர்களுக்கு இந்த உரையாடல் புதிதல்ல. ஒட்டுரகம் விளைச்சலைக் கூட்டியது, அதை மறுப்பது நேர்மையாகாது. வேளாண் பல்கலைக்கழகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படி மறுக்கவும் முடியாது. விதையைத் தன் வீட்டுக் குதிரில் எடுத்துவைத்தவன் வாடிக்கையாளனாக மாறியதை, மாயாண்டியைத் தவிர வேறு யாரும் அந்தக் கடையில் விசித்திரமாகப் பார்க்கவில்லை என்பதுதான் காட்சியின் குத்தல்.

மயிலுக்கு வருவோம். படம் உசிலம்பட்டி வட்டாரத்தில் நடக்கிறது. வழக்கு கொங்கு நாட்டில் எந்தத் தோட்டத்திலும் நடந்திருக்கலாம். தொண்டாமுத்தூரிலிருந்து தாராபுரம் வரை மக்காச்சோளம், பயறு, தக்காளி போட்டவர்கள் விடிகாலையில் மயில் விரட்டப் போகிறார்கள். நரி அற்றுப்போனதும், தரிசும் சீமைக் கருவேலும் பெருகியதும் காரணம் என்பார்கள். மருதமலையிலும் சிவன்மலையிலும் முருகனின் வாகனமாகக் கும்பிட்டுவிட்டு வந்து, தோட்டத்தில் அதையே தகரம் தட்டி ஓட்டுகிறோம். சட்டம், பக்தி, வெள்ளாமை என்று மூன்று பக்கமும் இழுபடுகிறது அந்தப் பறவை. மாயாண்டி மயிலைக் கொல்லவில்லை என்று படம் தீர்மானமாகச் சொல்கிறது. கொன்றிருந்தால்? பொறுக்கமாட்டாமல் மருந்து வைத்த விவசாயி ஒருவரைக் கூண்டில் ஏற்றியிருந்தால் கதை இன்னும் சிக்கலாகியிருக்கும், நம் சிரிப்பும் தடுமாறியிருக்கும். அங்கதம் அப்பாவியை முழுக்கக் கறையில்லாதவராக வைத்துக்கொள்வதில் இந்த நட்டம் உண்டு.

ஒரு தற்செயலையும் சொல்ல வேண்டும். வனவிலங்குச் சட்டம் வந்த அதே 1972-இல், விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்ட விவசாயிகள் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகளை ஓட்டிவந்து கோவை நகரத்தின் தெருக்களை அடைத்தார்கள். பம்பு செட்டுக்கான மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டம். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1970 ஜூனில், பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச்சூட்டில் இறந்திருந்தார்கள். நகரத்துக்குள் மாட்டுவண்டி வருவதைக் கேலிப்படம் எதுவும் இவ்வளவு பெரிதாகக் காட்டியதில்லை. அவர்களில் யாரும் அப்பாவிகளல்லர். யூனிட்டுக்கு எத்தனை பைசா என்பதைக் கணக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள். அந்தத் தலைமுறையின் கூட்டுக் குரலும் ‘கடைசி விவசாயி’யின் தனிக்கிழவரும் ஒரே வரலாற்றின் இரண்டு முனைகள். சங்கம் இருந்தவரை விவசாயி எதிராளி. தனியாக மிஞ்சியபோதுதான் அவரை அப்பாவி என்று கொண்டாட நமக்கு மனம் வந்தது.

படத்தின் நீதிபதியைப் பற்றியும் ஒரு குறை உண்டு. அந்த இளம் பெண் நீதிபதிக்குக் கிழவர் குற்றமற்றவர் என்று பார்த்ததும் தெரிகிறது. நடைமுறை அவர் கையைக் கட்டுகிறது, காவலில் அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாக மாயாண்டியின் பயிருக்குப் போலீஸ் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று உத்தரவிடுகிறார். சீருடைக்காரர் வரப்பில் இறங்கித் தண்ணீர் கட்டக் கற்றுக்கொள்வது படத்தின் உச்சமான நகைச்சுவை, சந்தேகமில்லை. ஆனாலும் இவ்வளவு நல்ல நீதிபதி கிடைத்ததால் அமைப்பு கொஞ்சம் எளிதாகத் தப்பித்துவிடுகிறது.  கிந்தனுக்கு இந்தச் சலுகை தரப்படவில்லை, அவன் தானே அதிகாரியாகி வர வேண்டியிருந்தது.

மாயாண்டியாக நடித்த நல்லாண்டி நிஜமாகவே விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே காலமானார். 2023-இல் அறிவிக்கப்பட்ட 69-ஆவது தேசிய விருதுகளில் ‘கடைசி விவசாயி’ சிறந்த தமிழ்ப் படமானது, நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பும் வந்தது. கேமரா முன்னால் அவர் நடித்த மாதிரியே தெரியாது. மண்வெட்டி பிடிப்பதற்கு ஒத்திகை எதற்கு?

இன்றைக்குக் கொங்கு வட்டாரத்தில், புரியாத பேச்சின் நடுவே நிற்கும் வெளியாள் யார் என்று பார்த்தால், அவர் திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று வருகிறவர்கள் பனியன் கம்பெனியிலும் ஃபவுண்டரியிலும் ஸ்பின்னிங் மில்லிலும் நம்மைவிட நீண்ட ஷிப்டு பார்க்கிறார்கள். 2023 மார்ச் தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. தமிழகக் காவல்துறை அவை பொய்யென்று இந்தியிலேயே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. பயந்தவர்கள் பார்த்ததும் கைப்பேசித் திரையில்தான்.

தமிழ்ப் படங்களில் இந்த வெளியாள் பெரும்பாலும் இரண்டு விநாடிச் சிரிப்புக்காக வந்து போகிறார்: தமிழ் தெரியாமல் விழிக்கும் காவலாளி, பானிபூரிக்காரர். எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இயக்கிய முதல் படம் உள்ளூர்க்காரனுக்கு வடமாநிலத் தொழிலாளி மேல் எழும் பொறாமையை எடுத்துக்கொண்டது. ‘வடக்கன்’ என்ற பெயரைத் தணிக்கைக் குழு அனுமதிக்காததால் 2024 ஜூனில் ‘ரயில்’ என்ற பெயரில் வெளியானது. நல்ல முயற்சி. அதிலும் நாம் உட்கார்ந்து பார்ப்பது உள்ளூர்க்காரனின் திண்ணையிலிருந்துதான். அந்த மனிதர் நம்மைப் பார்க்கும் படம் வந்தால் அவர் கேட்கக்கூடிய கேள்விகள் பல: பி.எஃப். பிடித்த பணம் எங்கே போனது, ஒரே அறைக்கு எட்டுப் பேரிடமும் தனித்தனியாக ஏன் வாடகை, ‘தம்பி’ என்று கூப்பிட்டுவிட்டுத் தண்ணீரை ஏன் வேறு டம்ளரில் தருகிறீர்கள்? கோவையிலோ திருப்பூரிலோ இருந்து யாராவது அதை எடுக்க வேண்டும். வசனத்தில் பாதி இந்தியிலும் போஜ்புரியிலும் இருக்கும். சப்டைட்டிலைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டியவர்கள் நாமாக இருப்போம்.